முதற் சொல்லில் நின்ற வேதம்

சுவாமிமலையில் சாயங்காலம் வருவதைக் கண்ணுக்கு முன்னே காது அறிந்துவிடும். பகல் முழுதும் பட்டறைகளில் வெண்கலத்தின்மேல் அரம் ஓடுகிற ஓசை தெருவில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெயில் வீதியை விட்டு எழுந்து கட்டுமலைக் கோயிலின் மதிலைப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் பட்டறை பட்டறையாக அடங்கி, கடைசியில் யாரோ ஒருவர் மட்டும் ஏதோ ஒரு விரலிடுக்கையோ ஆபரணத்தின் ஒரு வரியையோ முடித்துவிட்டே எழுவது என்ற பிடிவாதத்தோடு உளியைத் தட்டிக்கொண்டிருப்பது கேட்கும். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில்தான், பாலிடெக்னிக் விடுமுறைக்கு வந்து திண்ணையில் பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன், "தாத்தா, இது என்னைத் திட்டுது" என்றான்.

"என்ன சொல்லித் திட்டுகிறது?"

"படிக்கல தாத்தா. சிவப்பா வந்திருக்கு."

முப்பத்து நான்கு வருஷங்கள் தமிழாசிரியனாக இருந்து, பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மையினால் ஓரக்குறிப்பு எழுதி எழுதியே விரல் காய்த்துப் போனவன் நான். இங்கே ஒற்று மிகாது என்றும், எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை என்றும், ஒவ்வொரு பிழைக்கும் காரணத்தோடு குறித்துக் கொடுத்தால் பிள்ளை திருந்திவிடும் என்று நம்பி, இராத்திரி பத்து மணி வரையில் விழித்து எழுதிய அந்தக் குறிப்புகள் என்ன ஆயின என்பது, பேரன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள், எழுத்தைப் பார்க்கவில்லை. கணினி விஷயத்தில் கைநாட்டு என்றே சொல்லத்தக்க நான், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தத் திரையிலிருந்ததை ஒரு பாடத்தைப் போல மேலிருந்து வாசிக்க உட்கார்ந்ததற்கு, பேரன் மேலுள்ள வாஞ்சையைவிட அந்தப் பழைய குறிப்புகளுக்காக உண்டான ஆற்றாமையே அதிகக் காரணம் என்று நினைக்கிறேன்.

அவன் செய்ய முனைந்திருந்த காரியம் எங்கள் வீட்டுக்கே உபயோகமானது. கொல்லையைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் எங்கள் வயலும் பம்புசெட்டும். அந்தக் கம்பியில் மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் முழுமையாக இருக்கும், எந்த நேரத்தில் ஒரு முனை இறங்கி இரண்டு முனையோடு நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு முனை போனது தெரியாமல் மோட்டாரை ஓடவிட்டால், மீதி இரண்டு முனைகளின் வழியே மிதமிஞ்சிப் பாயும் மின்னோட்டத்தில் சுருள் சூடேறிக் கருகிவிடும். அப்படி ஒரு தடவை கருகிற்று. மூன்று சிறிய டிரான்ஸ்பார்மர்களால் அழுத்தத்தைத் தாழ்த்தி, மூன்று முனையும் இருக்கிறதா என்று ஒரு சில்லு பார்த்துக்கொண்டேயிருந்து, மூன்றும் நிலைத்துப் பத்து வினாடி ஆனபின் வீட்டுக்குள்ளே மணி அடிக்க வேண்டும். இவ்வளவுதான் அவன் சங்கற்பம்.

அந்தச் சில்லுக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். கணக்கிடும் பகுதியையும் நினைவகத்தையும் வெளியுலகத்தோடு பேசும் கால்களையும் ஒரே துண்டு சிலிக்கனில் அடக்கியது. 1980-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 என்ற சில்லு நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. பேரனிடம் இருந்தது அதற்குப் பின்வந்த ஏவிஆர் குடும்பத்தைச் சேர்ந்த ஏடிமெகா 328பி. நார்வேயில் டிரான்ட்ஹைம் நகரத்தில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரு மாணவர்கள் வகுத்த அமைப்பிலிருந்து கிளைத்த குடும்பம் அது. 2005-இல் இத்தாலியின் இவ்ரியாவில் பிறந்த ஆர்டுயினோ பலகையின் மூலமாக உலகமெங்கும் பரவிற்று. நிரல் தங்குவதற்கு 32 கிலோபைட், வேலை நடக்கும்போது எழுதி அழிப்பதற்கு 2 கிலோபைட்: இதுதான் அதன் சொத்து முழுதும். இந்தக் கட்டுரையையே அதன் நிரலிடத்தில் வைக்க முயன்றால், தமிழெழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட் கேட்கிற கணக்கில், முழுதும் போவதற்கு முன்னே இடம் தீர்ந்துவிடும்.

ஆர்டுயினோக்காரர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் நடந்துவிடும்படி ஒரு மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பேரனுடைய ஆசிரியர், பொத்தானுக்குப் பின்னே என்ன நடக்கிறது என்று தெரியாதவன் பொத்தான் கெட்ட நாளில் நிர்க்கதியாவான் என்ற கொள்கையுடையவர் போலும். கறுப்புத் திரையில் கட்டளைகளைக் கையால் தட்டித்தான் செய்ய வேண்டும் என்று விதித்திருந்தார். அவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

முதல் செய்தி, நிரலைச் சில்லின் பாஷைக்கு மாற்றும் கம்பைலரான ஏவிஆர்-ஜிசிசி என்று ஒரு கட்டளை காணப்படவில்லை என்றது. "இறக்கி வெச்சிருக்கேன் தாத்தா, இங்கதான் இருக்கு" என்று பேரன் கோப்பறையைத் திறந்தே காட்டினான். இருந்தது. இருப்பதை இல்லை என்று சொல்லுகிற பொய்யை ஒரு யந்திரம் ஏன் சொல்ல வேண்டும் என்று யோசித்து, அந்த வாக்கியத்தை மறுபடியும் வாசித்தபோது, 'இல்லை' என்ற சொல்லே அதில் கிடையாது, 'காணப்படவில்லை' என்றுதான் இருக்கிறது என்பது புலப்பட்டது. கும்பகோணத்தில் ஒருவரைத் தேடப் போனவன், தன் கையிலுள்ள சீட்டில் எழுதியிருக்கும் நான்கு வீதிகளை மாத்திரம் சுற்றிவிட்டுத் திரும்பிவந்து, ஆளைக் காணோம் என்றால், அவன் பொய்யனல்லன். சீட்டில் ஐந்தாவது வீதி எழுதப்படவில்லை, அவ்வளவுதான். இந்த யந்திரத்துக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டாம். எந்தெந்தக் கோப்பறையில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்று அதில் எழுதியிருக்குமாம். புதிய கோப்பறையின் பெயரை அதில் சேர்த்தவுடன் கட்டளை அகப்பட்டது.

இதற்குள் நான் கவனித்த விஷயம் வேறு. பேரன் கட்டளைகளைத் தன் ரெக்கார்டு நோட்டிலிருந்து பார்த்துப் பார்த்து அடித்தான். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் கோடும் எழுத்துமாக ஒரு வால் நீண்டிருந்தது. இது என்ன, இது எதற்கு என்று நான் கேட்க, எந்தச் சில்லு என்று சொல்வது ஒன்று, சுருக்கமாக எழுது என்று சொல்வது ஒன்று என்று இரண்டுக்கு மாத்திரம் அர்த்தம் சொன்னான். மற்றவை "அப்படித்தான் போடணும்" என்ற வகை. அவற்றுள் ஒன்று நீளமாக, பதினாறுக்குப் பின் பல சைபர்களோடு இருந்தது. அது தேவையில்லை என்று தோன்றியதால் அதை அடிக்காமலே விட்டுவிட்டான். அந்தச் சைபர்கள் பின்னால் எங்களை என்ன பாடு படுத்தப்போகின்றன என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

இந்த ஊருக்கு உரிய ஐதீகத்தை எல்லாரும் தகப்பனுக்குப் பிள்ளை உபதேசித்த கதையாகவே சொல்லுகிறார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். தகப்பன்சாமி என்ற பெயரும், குருமலை என்ற பெயரும், அறுபது தமிழ் வருஷங்களின் பெயரைத் தாங்கிய அறுபது படிகளேறிப் போய்க் காணும் சன்னிதியின் பெருமையும் அந்தப் பிற்பகுதியைச் சார்ந்தவை. ஆனால் கதையின் முற்பகுதியில், பேசப்படாமலே நின்றுவிடுகிற ஒரு பாத்திரம் உண்டு. கைலாசத்துக்குப் போகும் வழியில் குழந்தையை அலட்சியம் செய்த பிரமனை முருகன் நிறுத்தி, உம்முடைய தொழிலுக்கு ஆதாரம் எது என்று கேட்டு, வேதம் என்றதும், ஓதும் என்றான். பிரமன் 'ஓம்' என்று தொடங்கினான். அவ்வளவில் நிறுத்தி, அதற்குப் பொருள் என்ன என்று கேட்டான். பிரமனுக்குச் சொல்லத் தெரியவில்லை, சிறைக்குப் போனான். நிறுத்தாமல் விட்டிருந்தால் அந்த நான்முகன் நான்கு வேதங்களையும் ஸ்வரம் பிசகாமல் ஓதி முடித்திருப்பான் என்பதில் யாருக்கு ஐயம்? அவனிடம் பிழையே கிடையாது, பொருள்தான் இல்லை. பேரன் நோட்டைப் பார்த்து ஓரெழுத்துத் தவறாமல் அடித்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, இத்தனை வருஷங்களாக நான் கோயிலில் தகப்பனையும் பிள்ளையையும் மாத்திரம் சேவித்துவிட்டு, அந்த மூன்றாமவரை மறந்தே திரும்பியிருக்கிறேன் என்று தோன்றிற்று. (நானே நன்னூல் சூத்திரங்களை வகுப்புக்கு ஒப்பித்த முதல் சில வருஷங்களை நினைத்துக்கொண்டால், அந்த மூன்றாமவர் எனக்குச் சொந்தக்காரரும் ஆகிறார்.)

கட்டளை அகப்பட்டவுடன் திரை நிரம்பிப் பிழைகள் வந்தன. நாற்பத்தேழு. பேரன் மடிக்கணினியை மூடப் போனான். அந்த நாற்பத்தேழில் ஒன்றுகூட அவன் எழுதிய கோப்பில் இல்லை என்பதுதான் விசித்திரம். முழு எண்களுக்கெல்லாம் பெயர் வைக்கிற, எங்கோ யாரோ எழுதி லட்சக்கணக்கானவர்கள் வருஷக்கணக்காகப் பயன்படுத்திவருகிற ஒரு தலைப்புக் கோப்பில் வரிக்கு ஒரு பிழை என்று அது குற்றம் சாட்டிக்கொண்டே போயிற்று. "அவங்க எழுதினதே தப்பு போல" என்றான். உலகம் முழுதும் ஓடுகிற ஒன்றில் திடீரென்று இன்றைக்குச் சாயங்காலம் சுவாமிமலையில் மாத்திரம் நாற்பத்தேழு பிழைகள் தோன்றின என்றால், குற்றவாளி சுவாமிமலையில் இருக்கிறான் என்று கொள்வதே விவேகம்.

முதற் பிழைக்கு மேலே, சிவப்பாக இல்லாததால் அவன் கண்ணில் படாமலே இருந்த சில வரிகள் இருந்தன. இந்தக் கோப்பு இன்ன கோப்பினால் அழைக்கப்பட்டது, அது இன்னதினால், அது இன்னதினால் என்று, கல்வெட்டில் வம்சாவளி சொல்லுவது போல அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் 'உன்னுடைய கோப்பின் இரண்டாம் வரி' என்று முடிந்தன. இரண்டாம் வரி அந்தப் பெரிய தலைப்புக் கோப்பை அழைப்பது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அப்படியானால் அதற்கு முந்தைய முதல் வரி? அது பேரன் தானே எழுதிய ஒரு சிறு தலைப்புக் கோப்பை அழைத்தது. அதைத் திறந்தோம். நான்கே வரி. கடைசி வரியின் ஈற்றில் அரைப்புள்ளி இல்லை.

இந்த இடத்தில் நான் அடைந்த சந்தோஷத்தைத் தமிழாசிரியர்கள் மாத்திரமே அறிவார்கள். 'வந்து' என்று ஒருவன் எழுதி நிறுத்திவிட்டால் அந்தச் சொல்லில் ஒரு தவறும் இல்லை, அது வினையெச்சம். முற்றை எதிர்பார்த்து நிற்கிறது. அடுத்த சொல் எது என்று பார்த்த பிறகுதான், முடிக்க வேண்டியவன் முடிக்காமல் போனான் என்பது தெரியும். ஆகவே குற்றம் ஓரிடம், அது தெரியவருவது வேறோரிடம். யந்திரமும் அந்த முடியாத வரியைப் படித்துவிட்டுச் சோம்பி நிற்கவில்லை. 1970களில், பேரன் எழுதும் அந்த நிரல்மொழி பிறந்த காலத்து வழக்கு ஒன்று உண்டாம்: ஒரு செயலுக்குப் பெயர் சொல்லிவிட்டு, அது ஏற்கும் பொருள்களின் விவரத்தை அடுத்தடுத்த வரிகளில் சொல்லலாம் என்பது. இந்தக் காலத்தில் அப்படி எழுதுவோர் அரிது. ஆனால் இலக்கணம் வெகுகாலம் அனுமதித்துவந்தது. முடியாத வரியைக் கண்ட யந்திரம், எழுதியவர் பழைய மரபைத் தழுவி எழுதுகிறார் போலும் என்று நல்லெண்ணத்தோடு அனுமானித்துக்கொண்டு, அடுத்த கோப்பின் வரிகளையெல்லாம் இந்த வரியோடு சேர்த்துப் பொருள் பண்ணப் பார்த்திருக்கிறது. எட்ட நிற்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் காண்பதைக் கொண்டுகூட்டு என்று நாம் சொல்லுவோம். உரையாசிரியர்கள் செய்கிற அதே பிரயத்தனம். நாற்பத்தேழு இடங்களில் கூட்டிப் பார்த்து, நாற்பத்தேழு இடங்களிலும் பொருந்தாமல், நாற்பத்தேழு தடவை வருத்தம் தெரிவித்திருக்கிறது. அரைப்புள்ளியை வைத்தோம். நாற்பத்தேழும் போயின.

அன்று முதல் பேரனுக்கு ஒரு நியமம் ஏற்படுத்தினேன்: முதற் பிழையை மாத்திரம் படி, திருத்து, மறுபடியும் ஓட்டு, இரண்டாம் பிழை இருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம். அவனும் எனக்கு ஒவ்வொரு செய்தியாகச் சொல்லிக் கொடுத்தான். அவற்றைக் கேட்கக் கேட்க, நன்னூலில் பவணந்தியார் வகுத்த பத்துக் குற்றங்கள் புதிய வேஷத்தில் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தன. அறிவிக்காத பெயரைப் பயன்படுத்தினாய் என்றால் குன்றக் கூறல். ஒரே பெயருக்கு இரண்டு இடத்தில் உருக்கொடுத்தாய் என்றால் கூறியது கூறல். முன்னே ஒரு வகை என்றாய், இங்கே வேறு வகை என்கிறாய் என்றால் மாறுகொளக் கூறல். ஒரு பெயரை அறிவித்துவிட்டு எங்கும் பயன்படுத்தவில்லை என்று அது முணுமுணுப்பது நின்று பயனின்மை. பத்துக்கும் ஜோடி கண்டுபிடிக்கலாம் என்று பேராசைப்பட்டேன். வெற்றெனத் தொடுத்தலுக்கு அகப்படவில்லை. பொருளற்ற வளவளப்பைப் பற்றி யந்திரத்துக்கு ஆட்சேபமே கிடையாது போலிருக்கிறது.

கட்டளைகளைத் திரும்பத் திரும்ப அடிக்காமலிருக்கப் பேரன் எடுத்துக்கொண்ட 'மேக்' என்ற கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கோப்பு மாறினால் எதை மீண்டும் செய்ய வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டால் தானே பார்த்துச் செய்துகொள்ளும் இந்தக் கருவியை 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அதில் கட்டளை வரிகள் டேப் எழுத்தினால் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளி விட்டால் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கருவி ஏற்காது. இது அசௌகரியம் என்பது எழுதியவருக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டதாம். ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று மாற்றாமல் விட்டுவிட்டாராம். அந்தப் பன்னிரண்டு பேருடைய சௌகரியத்துக்காக ஐம்பது வருஷங்களுக்குப் பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் போயிற்று. சம்பிரதாயங்கள் எப்படி உண்டாகின்றன என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவழியாகப் பிழையில்லாமல் முடிந்தது. முடிவில், நிரல் ஆயிரத்துச் சொச்சம் பைட் என்று எடை போட்டுச் சொல்லிற்று. அந்த எடையைக் கேட்டதும், அடுத்த வீட்டு ஸ்தபதி மெழுகை நிறுப்பது எனக்கு நினைவு வந்தது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கொஞ்சம் எண்ணெயோடு காய்ச்சி, தென்னையோலை நறுக்கை மடித்து வைத்த தால அளவின்படி உருவத்தை மெழுகில் முழுதும் முடித்துக்கொண்டு, அதன் எடையை எடுத்து, அதற்கு ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து மடங்கு உலோகம் என்று கணக்கிட்டு வைப்பார். பிறகு காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி, அதன்மேல் முரட்டு மண் பூசி, கம்பியால் கட்டி உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உலோகம் புகும். மெழுகில் இருக்கிற ரேகை ஒவ்வொன்றும் வெண்கலத்தில் வரும். மெழுகு மாத்திரம் வராது. பேரன் எழுதிய மொழிக்கும் அதே கதிதான். மடிக்கணினியில் எழுதுகிறான், ஆனால் உருவாவது மடிக்கணினியில் ஓடாது, வேறொரு சில்லுக்காக, வேறொரு பாஷையில் வார்க்கப்படுகிறது. கம்பைலரின் பெயருக்கு முன்னே 'ஏவிஆர்' என்ற அடைமொழி ஒட்டியிருப்பது அதனால்தான். அதை விட்டுவிட்டு வெறும் ஜிசிசி என்று அடித்தால், தன் வீட்டுக்கே வார்த்துக்கொள்ளப் பார்க்கும். சில்லின் கால்களைப் பற்றிய தலைப்புக் கோப்பைக் கண்டதும் அப்படி ஒன்று இல்லையே என்று நின்றுவிடும்.

வார்த்ததைச் சில்லில் ஏற்றும்போது, எதிர்ப்பக்கம் பதில் சொல்லவில்லை என்றது. பலகை மலிவானது, அதற்குள் உறங்கும் பழைய வரவேற்பு நிரல் வினாடிக்கு 57600 என்ற கதியில் பேசிற்று, நாங்கள் 115200 என்ற கதியில் கூப்பிட்டோம். நாதஸ்வரக்காரர் முதற் காலத்தில் இருக்கும்போது தவுல்காரர் இரண்டாம் காலத்தில் கூப்பிட்டால் அவர் எப்படித் தலையாட்டுவார்? கதியை மாற்றியதும் ஏறிவிட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று இரவு மணி அடித்தது. எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வாய்க்கால் தாண்டிப் போனேன். ஒரு முனை இல்லை. திரும்பி வந்து படுத்தேன். மறுபடியும் அடித்தது, மறுபடியும் போனேன், மறுபடியும் இல்லை. மூன்றாம் தடவை மணி அடித்தபோது என் மனைவி, பேரன் விழித்துக்கொள்ளாதபடி தாழ்ந்த குரலில், இருபது வருஷங்களாக மின்சாரம் தெரியாமலே இந்தக் குடும்பம் சாப்பிட்டுத்தானே வந்திருக்கிறது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மூன்று முனையும் வந்து பத்து வினாடி நிலைத்தால்தான் மணி என்பது ஏற்பாடு. ஆனால் வந்து கண் சிமிட்டிப் போகிற மின்சாரத்துக்கெல்லாம் மணி அடித்தது. பிழை ஒன்றுமில்லை என்று யந்திரம் சொன்னதே!

காலையில் பட்டறைப் பக்கம் போனேன். ஸ்தபதி முதல் நாள் ஊற்றிய அச்சை உடைத்துக்கொண்டிருந்தார். 2023-இல் தில்லி பாரத மண்டபத்தின் முன்னே நிறுத்திய 27 அடி நடராஜரும் இந்த ஊரில் இப்படி மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டவர்தான். அன்றைக்கு வெளிவந்தவள் ஒன்றரை அடி அம்மன். இடது தோளில் சிறு குழி விழுந்திருந்தது. தோளில் மெழுகு குறைந்துவிட்டதோ என்று கேட்டேன். "தோள் மேல ஒண்ணும் இல்லை சார். பீடத்தடியில காத்துப் போக விட்ட வழி அடைச்சுக்கிச்சு. காத்து போக இடமில்லாம தோளுல போய் ஒதுங்கிருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மண்ணு பூசறப்பவே அந்தக் குச்சி ஆடுற மாதிரி இருந்துச்சு. சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பேரனை எழுப்பினேன். நிரலை மறுபடியும் ஓட்டி, இந்தத் தடவை பிழை இல்லை என்ற கடைசி வரியைப் பார்க்காமல், திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டு போய் முதல் வரியிலிருந்து வாசித்தோம். அங்கே, சிவப்பாக அல்ல, சற்று மங்கிய வேறொரு நிறத்தில், ஓர் எச்சரிக்கை இருந்தது: கடிகார வேகம் எவ்வளவு என்று சொல்லப்படவில்லை. சொல்லாவிட்டால் என்ன செய்வது? காத்திருக்கும் நேரத்தை எண்ணுகிற நூலகம் வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு என்று தானே வைத்துக்கொள்ளுமாம். பலகையின் மேலுள்ள படிகமோ 16 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு கோடியே அறுபது லட்சம். ஆகவே பத்து வினாடி காத்திரு என்று எழுதியதை அது எண்ணி முடிக்கும்போது, உலகத்தில் முக்கால் வினாடிகூட ஆகியிராது. துல்லியமாகச் சொன்னால் 0.625 வினாடி. பேரன் தேவையில்லை என்று விட்ட, பதினாறுக்குப் பின் சைபர்களோடு நீண்ட அந்த வால்தான் கடிகார வேகம். யந்திரம் கேட்டது, பதில் வரவில்லை, மரியாதையாக ஒரு குறிப்பு எழுதிவைத்துவிட்டு, தானே ஒன்றை அனுமானித்துக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது. ஸ்தபதியின் குச்சி ஆடிய மாதிரி இதுவும் ஆடியிருக்கிறது. நாங்களும் இருக்கட்டும் என்று விட்டோம்.

அரைப்புள்ளிக்காக நாற்பத்தேழு தடவை கூச்சலிட்டதே, அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இந்த மரியாதையின்மேல்தான் வந்தது. பிரமனை 'ஓம்' என்ற இடத்திலேயே மடக்கிய குழந்தையைத் துடுக்கு என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பொருள் தெரியவில்லை என்பதை மெதுவாக ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு, ஓதுங்கள் என்று விட்டிருந்தால், பிரமன் தன் ஞானத்தில் திருப்தியோடு சத்தியலோகம் திரும்பியிருப்பான். அவன் படைத்த உலகத்தில்தான் அர்த்தஜாமத்தில் வீண் மணி அடித்திருக்கும். எச்சரிக்கை ஒவ்வொன்றையும் பிழையாகவே பாவித்து நிறுத்திவிடு என்று யந்திரத்துக்கு ஆணையிடவும் ஒரு கட்டளை வால் இருப்பதாகப் பேரன் சொன்னான். அதைப் போடச் சொன்னேன். அர்த்தம் தெரிந்தே போட்டான்.

அடுத்த விடுமுறைக்குள் சக்தி பலகையில் இதே மணியை அடிக்க வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் வடிவமைத்த செயலி அது. 2010-இல் பெர்க்லியில் தோன்றி யாரும் உரிமைத்தொகையின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளை இலக்கணத்தைப் பின்பற்றியது. 2018-இல் சண்டிகரை அடுத்துள்ள நம் நாட்டு ஆலையிலும் ஒரு வடிவம் வார்க்கப்பட்டது. கற்போருக்காக அவர்கள் தந்திருக்கும் அமைப்புகளுக்குப் பினாகா, பரசு, வஜ்ரா என்று பெயர். ஒன்று சிவன் வில், ஒன்று பரசுராமன் கோடரி, ஒன்று இந்திரன் படை. பெயர் கேட்கையில் புராணப் பிரசங்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. ஆனால் கம்பைலர் அதே ஜிசிசிதான், அடைமொழிதான் வேறு. அந்த நீண்ட பெயரின் நடுவே 'அன்நோன்' என்று ஒரு சொல் வருவதைக் காட்டி, அது பிழையா என்று கேட்டேன். இல்லையாம், செய்தவர் பெயர் வர வேண்டிய இடமாம் அது, குறிப்பாக ஒருவர் பெயர் இல்லாதபோது 'அறியப்படாதவர்' என்றே எழுதுவது வழக்கமாம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் ஸ்தபதியின் பெயரைத் தேடினாலும் அகப்படாது. இந்த வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

வேகத்தைச் சொல்லி, நிரலை மறுபடியும் வார்த்து ஏற்றினோம். எச்சரிக்கை இல்லை. பேரன் பலகையின் மேல் மூன்று சிறு விளக்குகளையும் வைத்து, முனை ஒன்றுக்கு ஒன்று எரியும்படி செய்திருந்தான். இரவு ஒரு மணிக்கு மேல் விழிப்பு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு எரிந்துகொண்டிருந்தன. மூன்றாவது ஒரு தடவை மினுக்கி அணைந்தது; மணி அடிக்கவில்லை. இன்னொரு தடவை மினுக்கிற்று, அடிக்கவில்லை. அப்புறம் மூன்றும் எரிந்தன. விரலை மடக்கி எண்ணினேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே, என் எண்ணிக்கை சற்றுத் தாமதம் போலும், மணி அடித்தது.

"நிஜ மணியா, உங்க பேரன் மணியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினேன். கொடிக்கால் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. ஸ்டார்ட்டரைத் தட்டியதும் மோட்டார் முதலில் உறுமி, குழாய் இரண்டு மூச்சுக் காற்றை மாத்திரம் துப்பிவிட்டு, தண்ணீர் விட ஆரம்பித்தது.